கூளத்தில் முடியும் தடுப்பூசி: ஒருநாள் குஞ்சுக்கு உயிருள்ள ஒட்டுண்ணியைக் கொடுப்பது ஏன்?

கோழிகளின் குடல் நோயான இரத்தக் கழிச்சலுக்கு எதிராகத் தடுப்பு மருந்து பெற்ற குஞ்சுகளின் எச்சத்தை இரண்டாம் வாரத்தில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அந்த நோயை உண்டாக்கும் குடல் ஒட்டுண்ணியே அதில் கொத்துக் கொத்தாகத் தென்படும். மூன்றாம் வாரத்தில் சில குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு மந்தமாகக்கூட நிற்கும். முதன்முறை இதைப் பார்க்கும் பண்ணையாளர், தடுப்பூசி பொய்த்துவிட்டது என்று முடிவுகட்டி, குடிநீரில் மருந்தைக் கலந்துவிடுகிறார். பல நேரங்களில் அந்த மருந்து நிறுத்துவது, பாதி வழியில் இருக்கும் தடுப்பூசியைத்தான்.

குழப்பம் கொட்டகைக்கு வெளியிலும் இருக்கிறது. “நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தே கொடுக்காமல் வளர்த்த கோழி” என்று விளம்பரம் செய்துவந்த அமெரிக்க நிறுவனங்கள் சில, அந்த வாக்குறுதியை அண்மை ஆண்டுகளில் தளர்த்திக்கொண்டன. செய்தியைப் படித்தவர்களுக்கு, இதில் குடல் ஒட்டுண்ணி எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை.

இரண்டு குழப்பங்களுக்கும் வேர் ஒன்றே. பெரும்பாலான தடுப்பூசிகளில் மருந்து உடலுக்குள் போனதும் கொடுப்பவரின் வேலை முடிந்துவிடுகிறது. குடல் ஒட்டுண்ணித் தடுப்பூசியில் முதல் நாள் நடப்பது தொடக்கம் மட்டுமே. அடுத்த தவணைகளைக் குஞ்சுகள் கொட்டகைத் தரையிலிருந்து தாமே எடுத்துக்கொள்கின்றன. எனவே அது பலிப்பதும் பலிக்காததும் பெருமளவு முதல் மூன்று வாரத் தரைப் பராமரிப்பில் தீர்மானமாகிறது.

## எந்த ஒட்டுண்ணி?

கோழிக் குடலில் வாழும் ஒட்டுண்ணிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் புழுக்கள்: உருண்டைப் புழு, நாடாப் புழு போன்றவை. இவற்றுக்குக் குடற்புழு நீக்க மருந்துதான் வழி. கோழிகளுக்கான புழுத் தடுப்பூசி எதுவும் வழக்கமான பயன்பாட்டில் இல்லை. மற்றொன்று, ஒற்றை உயிரணுவால் ஆன காக்சிடியா. இந்தக் கட்டுரை பேசுவது இதைப் பற்றி மட்டும்.

கோழியைத் தாக்கும் காக்சிடியாக்கள் ஐமீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியத்துக்கு இவை தூரத்து உறவு. கோழியில் ஏழு இனங்கள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் மேலும் மூன்று இனங்களுக்கு 2021இல் பெயர் சூட்டப்பட்டது. ஒவ்வோர் இனமும் குடலில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அவற்றில் நான்கு இனங்களை மட்டும் அறிந்தால் போதும்.

1. ஐமீரியா அசெர்வுலினா: சிறுகுடலின் மேற்பகுதி. இரத்தம் வராது, சாவும் குறைவு. ஆனால் தின்ற தீவனம் உடலில் ஒட்டாது, எடை ஏறாது.
2. ஐமீரியா மாக்சிமா: சிறுகுடலின் நடுப்பகுதி. குடல் உப்பி, உள்ளே ஆரஞ்சு நிறச் சளி சேரும்.
3. ஐமீரியா டெனெல்லா: சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் கிளைக்கும் இரண்டு குருட்டுக் குடல்கள். எச்சத்தில் இரத்தம் கொட்டுவதும், திடீர்ச் சாவும் இதன் வேலை.
4. ஐமீரியா நெகாட்ரிக்ஸ்: சிறுகுடலின் நடுப்பகுதி. வளர்ந்த பருவத்தில், குறிப்பாக முட்டைக்கோழி, தாய்க்கோழி மந்தைகளில், கடுமையாகத் தாக்கும்.

இரத்தக் கழிச்சல் என்ற பெயர் டெனெல்லாவையே கண்முன் நிறுத்துகிறது. பணத்தை அதிகம் தின்பவை பெரும்பாலும் இரத்தம் காட்டாத அசெர்வுலினாவும் மாக்சிமாவும்தான். எந்தக் கோழியும் சாகாமல், எந்த அறிகுறியும் தெரியாமல், தீவனக் கணக்கு மட்டும் உதைக்கும். உலகக் கோழித் தொழிலுக்கு இந்த நோயால் ஏற்படும் செலவை 2016ஆம் ஆண்டு விலையில் ஏறத்தாழ 1,040 கோடி பிரிட்டிஷ் பவுண்டு என்று 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு கணித்தது. அதில் பெரும்பங்கு எடைக் குறைவு, தீவன விரயம் ஆகியவற்றால் வருவது.

ஐமீரியா இனங்கள் தங்கள் விருந்தோம்பியை மாற்றுவதில்லை. கோழியின் ஐமீரியா ஆட்டைத் தாக்காது. ஆட்டின் ஐமீரியா கோழியைத் தாக்காது. மனிதரை இவை எதுவும் செய்வதில்லை. உயிருள்ள ஒட்டுண்ணி என்றதும் இறைச்சி உண்பவர் திடுக்கிடத் தேவையில்லை.

## ஒரு வாரத்தில் ஒரு சுற்று

தடுப்பூசியின் தருக்கம் முழுவதும் இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியில் இருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. நோயுற்ற கோழியின் எச்சத்தில் கெட்டியான ஓடு கொண்ட நுண்ணிய உருண்டைகள் வெளியேறுகின்றன. இவற்றுக்கு ஊசிஸ்ட் என்று பெயர். வெளியே வந்த கணத்தில் இவை தொற்றும் திறன் அற்றவை.
2. ஈரம், வெதுவெதுப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் ஊசிஸ்ட் முதிர்கிறது. உள்ளே நான்கு அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு என எட்டுக் கிருமிகள் உருவாகின்றன.
3. கொட்டகைத் தரையில் விரித்த கூளத்தைக் கொத்தும் கோழி முதிர்ந்த ஊசிஸ்டை விழுங்குகிறது. அரைவைப்பை ஓட்டை உடைக்கிறது. பித்தநீரும் செரிமான நொதிகளும் உள்ளிருக்கும் கிருமிகளை விடுவிக்கின்றன.
4. கிருமிகள் குடற்சுவர் உயிரணுக்களுக்குள் நுழைந்து பெருகி, அவற்றைப் பிளந்துகொண்டு வெளிவந்து, பக்கத்து உயிரணுக்களைப் பிடிக்கின்றன. இப்படிச் சில தலைமுறைகள் நடக்கும். குடல் சேதமடைவது முக்கியமாக இந்தக் கட்டத்தில்தான்.
5. கடைசித் தலைமுறை ஆணும் பெண்ணுமாகப் பிரிந்து இணைந்து புதிய ஊசிஸ்ட் ஆகிறது. விழுங்கிய நான்கு முதல் ஆறு நாளில் அது எச்சத்தில் வெளியேறத் தொடங்குகிறது.

இதில் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, விழுங்கிய ஒவ்வோர் ஊசிஸ்டும் பல்லாயிரக்கணக்கில் பெருகித் திரும்பும். இரண்டாவது, உடலுக்குள் நடக்கும் பெருக்கம் வரம்புடையது. பாக்டீரியாவைப் போல இது முடிவின்றி இரட்டித்துக்கொண்டே போவதில்லை. குறிப்பிட்ட தலைமுறைகள் முடிந்ததும் ஊசிஸ்டாக வெளியேறிவிடும். ஆகவே நோய் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது, கோழி ஒரே நேரத்தில் எத்தனை ஊசிஸ்டை விழுங்கியது என்பதைப் பொறுத்தது. சில நூறு விழுங்கினால் லேசான கீறல். ஒரு லட்சம் விழுங்கினால் குடல் கிழிந்துவிடும். தடுப்பூசிக்கு இடம் தருவது இந்த வேறுபாடுதான்.

## உடல் எதைக் கற்றுக்கொள்கிறது?

லேசான தொற்றுக்கு ஆளாகி மீண்ட கோழி, அதே இன ஐமீரியா மீண்டும் வரும்போது அதைக் குடற்சுவரிலேயே மடக்கிவிடுகிறது. இந்த எதிர்ப்பில் முன்னணியில் நிற்பவை குடலில் உள்ள டி-செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள். இரத்தத்தில் ஓடும் எதிர்ப்பான்களின் பங்கு இதில் குறைவு. குடலுக்குள் ஒட்டுண்ணி உண்மையிலேயே புகுந்து வளர்ந்தால்தான் இந்த எதிர்ப்பு வலுவாக எழும். கொன்ற ஒட்டுண்ணியை ஊசியால் ஏற்றும் முயற்சிகள் எடுபடாததற்குக் காரணம் இது.

எதிர்ப்பாற்றல் இனத்துக்கு இனம் தனி. டெனெல்லாவை வென்ற கோழிக்கு மாக்சிமா முற்றிலும் புதிய எதிரி. அதனால் தடுப்பு மருந்துக் குப்பிக்குள் பல இனங்களைச் சேர்த்தே அடைக்கிறார்கள். ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்குப் போகும் இறைச்சிக்கோழிக்கு அசெர்வுலினா, மாக்சிமா, டெனெல்லா ஆகிய மூன்றும் அடிப்படை. சில தயாரிப்புகளில் மைட்டிஸ் என்ற இனமும் உண்டு. நீண்டகாலம் வாழும் முட்டைக்கோழி, தாய்க்கோழிகளுக்கு நெகாட்ரிக்ஸ், புரூனெட்டி ஆகியவையும் தேவைப்படுகின்றன. மாக்சிமாவில் ஒரு கூடுதல் சிக்கல்: ஓர் இடத்து மாக்சிமாவுக்கு எதிராகப் பெற்ற பாதுகாப்பு, மற்றோர் இடத்து மாக்சிமாவிடம் முழுமையாகச் செல்லாமல் போகலாம். அதற்காகச் சில தயாரிப்புகளில் இரண்டு வகை மாக்சிமாவைச் சேர்க்கிறார்கள்.

எத்தனை முறை தொற்ற வேண்டும் என்பதும் இனத்துக்கு இனம் மாறும். மாக்சிமா மிகச் சிறிய அளவிலேயே நல்ல எதிர்ப்பைத் தூண்டிவிடும். டெனெல்லாவும் நெகாட்ரிக்ஸும் அப்படி எளிதில் மசிவதில்லை. அடுத்தடுத்து இரண்டு மூன்று சுற்றுகள் தேவை. ஆகவே ஒரே தவணையில் முழுப் பாதுகாப்பு என்பது இந்த நோயில் எதிர்பார்க்கத் தகாதது.

## மருந்து இருக்கும்போது இது எதற்கு?

1939இல் சல்பா மருந்து காக்சிடியாவைக் கட்டுப்படுத்தும் என்று கண்டறியப்பட்டது. 1948 முதல் சல்பாகுயினாக்சலின் தீவனத்தில் தொடர்ந்து கலக்கப்படலானது. நோய் வந்தபின் மருத்துவம் பார்ப்பதை விட்டு, நோய் வராமலிருக்க வாழ்நாள் முழுவதும் சிறிதளவு மருந்து கொடுக்கும் பழக்கம் அங்கிருந்து வேரூன்றியது. பெரிய கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் இறைச்சிக்கோழி வளர்ப்பது அதன் பிறகே கட்டுப்படியானது.

பின்வந்த மருந்துகளை இரண்டு குடும்பமாகப் பார்க்கலாம். செயற்கை வேதிப்பொருட்கள் ஒட்டுண்ணியை அடியோடு முடக்கும். ஆனால் ஒட்டுண்ணி அவற்றை ஏமாற்றக் கற்றுக்கொள்வதும் விரைவு. சில மருந்துகள் சந்தைக்கு வந்த சுருக்கில் திறன் இழந்தன. இரண்டாவது குடும்பம் அயனோஃபோர்கள். இவற்றில் மோனென்சின் 1971இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒட்டுண்ணியின் உயிரணுச் சவ்வில் சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளின் சமநிலையை இவை குலைக்கின்றன. இவை எல்லாவற்றையும் கொல்வதில்லை, கொஞ்சம் தப்பிக்கிறது. தப்பிய அந்தக் கொஞ்சம் கோழிக்கு ஓரளவு எதிர்ப்பாற்றலையும் தந்துவிடுகிறது. அயனோஃபோர்கள் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்ததற்கு இந்த அரைகுறைத்தனம் ஒரு காரணம் என்பது வேடிக்கையான உண்மை. ஆனாலும் இவற்றின் மீதும் எதிர்ப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஈடாகப் புதிய மருந்துகளும் வரிசைகட்டி நிற்கவில்லை.

## குப்பிக்குள் இருப்பது

முதல் வணிகத் தடுப்பு மருந்து 1952இல் அமெரிக்காவில் வந்தது. அலபாமா மாநிலத்தின் ஆபர்னில் பணியாற்றிய எட்கர் என்ற ஆய்வாளர் உருவாக்கிய அதில் இருந்தது வீரியம் குறைக்காத, உயிருள்ள ஊசிஸ்ட். அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்பது அதன் அடிப்படை. இன்றும் இந்த வகை விற்பனையில் உள்ளது.

இரண்டாவது வகை வீரியம் குறைத்தது. 1975இல் ஜெஃபர்ஸ் என்ற ஆய்வாளர் ஓர் எளிய உத்தியைக் காட்டினார். தொற்றிய கோழி வெளியேற்றும் ஊசிஸ்டுகளில் எல்லாவற்றுக்கும் முந்தி வெளிவருபவற்றை மட்டும் பொறுக்கி, அடுத்த கோழிக்குக் கொடுப்பது. அங்கும் முந்தியவற்றை மட்டும் பொறுக்குவது. இப்படிப் பல தலைமுறை செய்தால், குடலில் தங்கும் காலம் சுருங்கிய ஒட்டுண்ணி கிடைக்கிறது. பெருகும் தலைமுறைகளில் சில அதற்கு இல்லாமலே போய்விடும். அதனால் குடல் சேதம் குறைவு. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் திறனோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தின் ஹௌடன் கோழி ஆராய்ச்சி நிலையம் இந்த வழியில் பல இனங்களை வீரியம் குறைத்தது. அந்த வேலையிலிருந்து பிறந்த தடுப்பு மருந்து 1989இல் விற்பனைக்கு வந்தது.

விலையில் இரண்டாவது வகை உயர்ந்து நிற்பதற்கு நேரடிக் காரணம் உண்டு. ஐமீரியாவின் முழுச் சுழற்சியையும் உயிரணு வளர்ப்புக் குடுவையில் முடித்து, தேவையான அளவு ஊசிஸ்ட் எடுக்க இன்றுவரை முடியவில்லை. நோய்க்கிருமிகள் அற்ற கோழிகளை வளர்த்து, தொற்ற வைத்து, அவற்றின் எச்சத்திலிருந்துதான் ஊசிஸ்டைப் பிரித்தெடுக்க வேண்டும். வீரியம் குறைந்த வகை குறைவாகப் பெருகும் என்பதால், அதே எண்ணிக்கையை எடுக்க அதிகக் கோழிகள் வேண்டும்.

## முதல் நாள்

தடுப்பூசி என்று பெயர் இருந்தாலும் இங்கே ஊசி கிடையாது. குஞ்சு பொரிப்பகத்தில், முட்டையிலிருந்து வந்த முதல் நாளில், குஞ்சுப் பெட்டியின் மேல் மருந்தைத் தெளிக்கிறார்கள். நூறு குஞ்சுள்ள பெட்டிக்கு ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிலிட்டர். மூக்கில் ஏறிவிடும் பனித்துளி போன்ற நுண்தூவல் பயன்படாது. சற்றுப் பெரிய துளிகளாக விழ வேண்டும். கரைசலில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். நிறத்தால் ஈர்க்கப்பட்ட குஞ்சுகள் தம் மேலும் பக்கத்துக் குஞ்சின் மேலும் உள்ள துளிகளைக் கொத்தி விழுங்குகின்றன. இதற்கு வெளிச்சம் வேண்டும். தெளித்த கையோடு பெட்டிகளை இருட்டில் அடுக்கினால் பாதி மருந்து இறகோடு காய்ந்துவிடும். தெளிப்புக்குப் பதிலாகக் கூழ் வடிவில் துளியிடும் முறையும் பரவிவருகிறது; குஞ்சு அதிகம் நனையாது, குளிரால் வாடாது, ஊசிஸ்டும் சீராகப் பரவி நிற்கும்.

ஒவ்வொரு குஞ்சுக்கும் ஓர் இனத்திலிருந்து சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ஊசிஸ்ட் போனால் போதும். ஆனால் கலவையைக் கலக்கிக்கொண்டே இருக்காவிட்டால் ஊசிஸ்ட் அடியில் படிந்துவிடும். முதல் பெட்டிக்கு வெறும் சாயத் தண்ணீரும் கடைசிப் பெட்டிக்கு ஒட்டுண்ணிக் குழம்பும் கிடைக்கும். குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் ஊசிஸ்ட் செத்துவிடும். கரைந்தபின் பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது.

இத்தனை சிறிய வயதில் எதற்கு என்று கேட்கலாம். எதிர்ப்பாற்றல் முழுமையாக மூன்று முதல் நான்கு வாரம் ஆகிறது. இறைச்சிக்கோழியின் வாழ்நாளோ ஐந்து முதல் ஆறு வாரம். ஒரு வாரம் தாமதித்தால் பாதுகாப்பு கிடைக்கும்போது கோழி வண்டியேறிவிடும். தவிர, கொட்டகையில் முன் மந்தை விட்டுச்சென்ற காட்டு ஊசிஸ்ட் ஏற்கெனவே காத்திருக்கிறது. அதை அளவில்லாமல் விழுங்கும் முன், அளவோடு கொடுத்த ஒட்டுண்ணி குடலை எட்டியிருக்க வேண்டும். தொடக்கத்தில் ஏற்படும் சிறு எடைத் தேக்கத்தை நான்காம் வாரத்துக்குப் பிறகு ஈடுகட்டவும் கோழிக்கு அவகாசம் கிடைக்கும்.

## அடுத்த தவணைகள் கூளத்தில்

பொரிப்பகத்தில் எவ்வளவு கவனமாகத் தெளித்தாலும் எல்லாக் குஞ்சும் ஒரே அளவு விழுங்காது. சில குஞ்சுகள் ஒன்றுமே பெறாமல் போகும். இதைச் சரிசெய்வது கொட்டகைத் தரைதான். கால ஓட்டம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: விழுங்கிய ஊசிஸ்ட் குடலில் ஒரு சுற்று முடித்து, எச்சத்தில் முதன்முறை வெளியேறும்.
2. அதன்பின் ஒன்றிரண்டு நாள்: கூளத்தில் முதிர்ச்சி. குஞ்சுகள் அதைக் கொத்தி விழுங்கும். முதல் நாள் தவறவிட்ட குஞ்சுக்கும் இப்போது கிடைத்துவிடும்.
3. இரண்டாம் வார இறுதியிலிருந்து மூன்றாம் வாரம் வரை: இரண்டாவது வெளியேற்றம். எச்சத்தில் ஊசிஸ்ட் எண்ணிக்கை உச்சம் தொடும். குடலில் லேசான புண்களும் தெரியும்.
4. மூன்றாம் வாரத்துக்குப் பின்: மூன்றாம் சுற்று. எதிர்ப்பாற்றல் முதிர்ந்த கோழிகளில் எண்ணிக்கை சரியத் தொடங்கும்.

எல்லாம் கூளத்தின் ஈரத்தில் தொங்குகிறது. ஏறத்தாழ 25 முதல் 30 சதவீத ஈரம் இருந்தால் ஊசிஸ்ட் போதிய அளவு முதிரும். கூளம் எலும்பாகக் காய்ந்துவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். குஞ்சுகள் முதல் தவணையோடு நின்று, ஐந்தாம் வாரத்தில் காட்டு ஊசிஸ்டிடம் மாட்டும். சொதசொதவென்று ஈரமாக இருந்தால் முதிர்ச்சி கட்டுமீறி, தடுப்பு மருந்தே நோயாகிவிடும். பழைய முறைப் பண்ணைப் பாடம் ‘கூளம் எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது’ என்கிறது. மருந்துத் தீவனம் கொடுத்த காலத்துக்கு அது சரி. தடுப்பூசி கொடுத்த மந்தையில் அதே அறிவுரையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது, என் கணிப்பில், தோல்விகளுக்கு மிகவும் குறைவாகப் பேசப்படும் காரணம்.

இட நெருக்கமும் இதே தருக்கத்தில் அடங்கும். குஞ்சுகளை முதலில் கொட்டகையின் ஒரு பகுதியில் அடைத்து வளர்த்து, பிறகு முழு இடத்துக்கும் விடுவது பொது வழக்கம். மிகச் சீக்கிரம் விரித்துவிட்டால் ஊசிஸ்ட் விழுந்த கூளம் பின்னால் நின்றுவிட, குஞ்சுகள் சுத்தமான தரைக்குப் போய்விடும். மிகத் தாமதமானால் ஒரே இடத்தில் ஊசிஸ்ட் குவிந்துவிடும். முதல் வெளியேற்றத்தை ஒட்டி, கூளத்தின் நிலையைப் பார்த்து முடிவெடுப்பதே வழி.

கம்பிக் கூண்டில் வளரும் முட்டைக்கோழிக் குஞ்சுகளுக்கு எச்சம் கீழே விழுந்துவிடுவதால் இரண்டாம் தவணையே இல்லை. கூண்டின் அடித்தளத்தில் ஒரு பகுதிக்கு முரட்டுத் தாளை விரித்து, முதல் சில வாரங்கள் எச்சம் தங்கும்படி செய்தால்தான் அங்கே இந்த முறை எடுபடும். தூய்மைக்கு எதிரானது போலத் தோன்றினாலும் வேறு வழியில்லை.

## மூன்றாம் வாரத்தில் எதைப் பார்ப்பது?

எச்சத்தில் ஊசிஸ்ட் இருப்பது தோல்விக்கான சான்று ஆகாது. அது இல்லாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். கால்நடை மருத்துவர்கள் வாரந்தோறும் எச்சத்தில் ஊசிஸ்டை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை ஏறி இறங்கும் கோடு சரியான நேரத்தில் வந்தால் தடுப்பூசி வேலை செய்கிறது. முதல் வாரத்தில் ஒன்றுமே இல்லாமல், ஐந்தாம் வாரத்தில் திடீரென்று உச்சம் தொட்டால், முதல் நாளிலோ கூளத்திலோ எங்கோ அறுந்திருக்கிறது.

இரண்டாவது அளவுகோல் குடற்புண் மதிப்பெண். மந்தையிலிருந்து சில கோழிகளை எடுத்து, குடலைத் திறந்து, 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். ஜான்சன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் வகுத்த முறை இது. தடுப்பூசி மந்தையில் மூன்றாம் வாரத்தில் 1 என்ற மதிப்பெண் இயல்பானது. பல கோழிகளில் 3, 4 என்று ஏறி, தீவனம் எடுப்பது குறைந்து, சாவும் தொடங்கினால் அது வேறு கதை.

மருந்து கொடுக்கும் முடிவு இங்கேதான் நுட்பமாகிறது. கடுமையான எதிர்வினைக்கு ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் குறுகிய காலம் குடிநீரில் கொடுப்பதுண்டு. இரண்டாம் சுற்று முடியும் முன் கொடுத்தால், கோழி கற்றுக்கொண்டிருந்த பாடம் பாதியில் நிற்கும். உயிரிழப்பு ஏறும்போது காத்திருப்பதும் மடமை. குடலைத் திறந்து பார்க்காமல், எச்சத்தின் நிறத்தை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு இரண்டு பக்கமும் தவறலாம்.

## தோல்வியின் வழக்கமான வழிகள்

1. தீவனம். காக்சிடியா மருந்து கலந்த தொடக்கத் தீவனத்தைத் தடுப்பூசி பெற்ற குஞ்சுக்குப் போட்டால், மருந்து எதிரியையும் ஆசிரியரையும் வேறுபடுத்தாமல் கொன்றுவிடும். தீவன ஆலையில் ஒரு மூட்டை மாறினாலும் போதும்.
2. பிற நோய்கள். கம்போரோ, மாரெக் போன்ற நோய்கள் குஞ்சின் எதிர்ப்பாற்றலையே ஒடுக்குகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தாத பண்ணையில் காக்சிடியா தடுப்பூசி மட்டும் தனித்து நிற்காது.
3. குடல் அழுகல். மாக்சிமா உண்டாக்கும் சிறு புண்களில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா புகுந்து பெருகுவது இந்த முறையின் உண்மையான பலவீனம். அயனோஃபோர்கள் காக்சிடியாவோடு இந்தப் பாக்டீரியாவையும் ஓரளவு அடக்கிவந்தன. தடுப்பூசி அதைச் செய்யாது. மருந்தை விட்டுத் தடுப்பூசிக்கு மாறும் பண்ணை, குடல் நலத்துக்கு வேறு ஏற்பாடுகளையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.
4. கிருமிநாசினி மீதான நம்பிக்கை. ஊசிஸ்டின் ஓடு வழக்கமான பல கிருமிநாசினிகளுக்கு அசையாது. ஆய்வகங்களில் ஊசிஸ்டைச் சுத்தம் செய்யவே சலவைத் திரவத்தின் ஹைப்போகுளோரைட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடும் வெப்பமும் உலர்வும் அம்மோனியாவும் அதைக் கொல்லும். கழுவித் தெளித்துவிட்டால் கொட்டகையில் காட்டு ஊசிஸ்ட் இல்லை என்று கொள்வது பிழை.

## பழைய ஒட்டுண்ணியை இறக்கி, மருந்தை மீட்பது

தடுப்பூசிக்கு இன்னொரு பயனும் உண்டு; இதைப் பலர் கவனிப்பதில்லை. தடுப்பு மருந்தில் உள்ள ஒட்டுண்ணி வகைகள் பல, மருந்து எதிர்ப்புப் பரவும் முன்னரே பிரித்தெடுத்துக் காக்கப்பட்டவை. எனவே மருந்துக்குப் பணிபவை. தொடர்ந்து சில மந்தைகளுக்குத் தடுப்பூசி கொடுத்தால், கூளம் முழுவதும் இந்தப் பணிவான ஒட்டுண்ணிகளின் வாரிசுகளால் நிரம்புகிறது. மருந்துக்கு அடங்காத காட்டு ஒட்டுண்ணிகளுக்கு இடம் சுருங்குகிறது. இரண்டும் கலந்து இனப்பெருக்கமும் செய்கின்றன. அதன்பின் மருந்துக்குத் திரும்பினால் அது முன்பைவிட நன்றாக வேலை செய்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆண்டின் சில மாதங்கள் தடுப்பூசி, சில மாதங்கள் மருந்து என்று மாற்றிக் கொடுக்கும் திட்டங்களின் அடிப்படை இதுவே.

## விளம்பர வாசகமும் ஒட்டுண்ணியும்

தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு இப்போது வரலாம். அமெரிக்காவில் அயனோஃபோர்கள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்திலோ அவை காக்சிடியாவுக்கான தீவனச் சேர்மானம் என்ற தனித் தலைப்பில் வருகின்றன. 2006 தொடக்கத்தில் வளர்ச்சியூக்கி நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை ஒன்றியம் தடைசெய்தபோதும் அயனோஃபோர்கள் தொடர்ந்ததற்கு இதுவே காரணம். மனித மருத்துவத்தில் இவற்றுக்கு இடமில்லை.

ஆகவே “நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எப்போதுமே இல்லை” என்று அச்சிட விரும்பிய அமெரிக்க நிறுவனம், அயனோஃபோரையும் கைவிட வேண்டியிருந்தது. எஞ்சியவை தடுப்பூசியும் செயற்கை வேதிப்பொருட்களும். பல நிறுவனங்கள் இந்த வழியில் சென்றன. 2023இல் டைசன் கோழியிறைச்சி நிறுவனமும், 2024இல் சிக்-ஃபில்-ஏ உணவக நிறுவனமும் அந்த வாசகத்தை, “மனித மருத்துவத்துக்கு முக்கியமான நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் இல்லை” என்ற சற்றே தளர்ந்த வாசகமாக மாற்றுவதாக அறிவித்தன. புதிய வாசகத்தில் அயனோஃபோருக்கு இடம் உண்டு. மனிதருக்கான மருந்துகளின் திறன் கெடுவதோடு நேரடித் தொடர்பு குறைவான ஒரு பொருளைப் பற்றிய மாற்றம் இது. செய்தித் தலைப்புகள் எழுப்பிய அளவு அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அதே நேரத்தில், தடுப்பூசியை மட்டும் நம்பி இறைச்சிக்கோழி வளர்ப்பது பெரிய அளவில் எவ்வளவு கடினம் என்பதையும் அது காட்டுகிறது.

## உயிரற்ற தடுப்பூசி வருமா?

உயிருள்ள கோழியில்தான் தயாரிக்க முடியும் என்ற தடையைத் தாண்டப் பல முயற்சிகள் நடக்கின்றன. இஸ்ரேலில் உருவான ஒரு தடுப்பூசி, மாக்சிமாவின் பாலினக் கட்டப் புரதங்களைத் தாய்க்கோழிக்கு ஊசியாகப் போட்டு, மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கு எதிர்ப்பான்களைக் கடத்தியது. லண்டனில் உள்ள ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள், ஐமீரியாவின் சில புரதங்களை ஈஸ்டில் உருவாக்கி, அந்த ஈஸ்டையே குஞ்சுகளுக்கு வாய்வழி கொடுத்துச் சோதித்து, குடல் பாதிப்பு குறைவதைக் கண்டார்கள். ஈஸ்டை வேண்டிய அளவு தொட்டியில் வளர்க்கலாம். நோய் உண்டாக்கும் அபாயம் இல்லை. மருந்துத் தீவனத்தோடும் மோதாது.

ஆனால் ஈஸ்ட் கூளத்தில் விழுந்து, முதிர்ந்து, மறுபடி குஞ்சின் வாய்க்குத் திரும்பாது. முதல் நாள் தவறவிட்ட குஞ்சுக்கு அடுத்த வாரம் தானாக எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு தவணையையும் தீவனத்திலோ நீரிலோ மனிதர்தான் கொடுத்தாக வேண்டும்; அத்தனை தவணைகளின் செலவும், சில வாரங்களில் விற்பனையாகும் ஒரு கோழியின் கணக்குக்குள் அடங்க வேண்டும்.